மீட்டர் அளவையும் பள்ளிச் சிறுவரும்

நீட்டலளவை பயிலும் சிறுவன் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. மூன்று மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வினவினால், நூற்றால் பெருக்குவதா, வகுப்பதா என மயங்குவான். அம்மயக்கத்தைத் தீர்க்கும் திறவுகோல் அளவைகளின் பெயர்களிலேயே உள்ளது. அத்திறவுகோலைத் தானே படைத்து, பின்னர்த் தானே தொலைத்து, நாற்பது ஆண்டுகள் அல்லலுற்ற நாடு பிரான்சு. அவ்வரலாறு ஆசிரியர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பழைய அளவை

புரட்சிக்கு முன்னர்ப் பிரான்சில் ஊர்தோறும் அளவைகள் வேறுபட்டன. பாரிசு நகர வழக்கில் 12 கோடு ஓர் அங்குலம். 12 அங்குலம் ஓர் அடி. 6 அடி ஒரு துவாசு. ஒரு துவாசுக்கு எத்தனை கோடு என்று அறிய, 6ஐ 12ஆல் பெருக்கி, வந்ததை மீண்டும் 12ஆல் பெருக்கி, 864 எனக் காணல் வேண்டும். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம் என்னும் தமிழ்க் கணக்கும் இத்தகையதே. வாய்பாட்டை மனனம் செய்தாலன்றி விடை காண இயலாது. ஏனெனில் பெயருக்குள் எண் இல்லை.

பெயருக்குள் எண்

1795ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டம் புதிய முறையை வகுத்தது. வடமுனையிலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் எனப்பட்டது. அதனினும் பெரிய அளவைகளுக்குக் கிரேக்க முன்னொட்டுகள் அமைந்தன: டெக்கா பத்து, ஹெக்டோ நூறு, கிலோ ஆயிரம். சிறிய அளவைகளுக்கு இலத்தீன் முன்னொட்டுகள் அமைந்தன: டெசி பத்தில் ஒன்று, சென்டி நூற்றில் ஒன்று, மில்லி ஆயிரத்தில் ஒன்று. பெயரின் பொருளறிந்த சிறுவனுக்குத் தனி வாய்பாடு எதற்கு? பெயரே வாய்பாடாகி நின்றது.

பின்வாங்கிய அரசு

புதுப்பெயர்கள் மக்கள் நாவில் எளிதில் புகவில்லை. ஆகவே 1800ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஆணையொன்று பழம்பெயர்களுக்கு இடந்தந்தது. சென்டிமீட்டரை 'விரல்' என்றும், டெசிமீட்டரைக் 'கையகலம்' என்றும், கிலோமீட்டரை 'மைல்' என்றும் வழங்கலாம் என்றனர். நோக்கம் நன்றே, விளைவோ வேறு. சென்டி என்ற சொல்லில் நூறு உண்டு. விரல் என்ற சொல்லில் அஃது இல்லை. எளிமைக்கெனச் செய்த மாற்றம் எளிமையின் வேரையே அறுத்தது.

1812ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நெப்போலியன் ஆட்சி மேலும் பின்வாங்கிற்று. இரண்டு மீட்டர் ஒரு துவாசு. மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஓர் அடி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம் எனக் கடைவீதிக்கு அளவை வகுத்தது. ஆயினும் பள்ளிகளில் மீட்டர் முறையே கற்பிக்கப்படும் என்றும் அவ்வாணை விதித்தது. பள்ளியில் பத்து, கடையில் பன்னிரண்டு! சிறுவன் எதனை நம்புவான்?

பள்ளி தந்த வெற்றி

கல்வியமைச்சர் கீசோ கொணர்ந்த 1833ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சட்டம், ஊர்தோறும் தொடக்கப்பள்ளி வேண்டும் என்றது. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு சட்டமுறை அளவைகளையும் கட்டாயப் பாடமாக்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1837 ஜூலை 4ஆம் நாள் சட்டம், 1840 ஜனவரி முதல் நாள் தொட்டுப் பிற அளவைகளைத் தடை செய்தது. இம்முறை பள்ளி முன்னே சென்றது. தடை பின்னே வந்தது. மீட்டர் பிரான்சில் நிலைபெற்றது.

படிப்பினை

சிங்கப்பூர் 1970இலும் மலேசியா 1972இலும் இம்முறைக்கு மாறத் தலைப்பட்டபோது, வீட்டில் அடியும் அங்குலமும், பள்ளியில் மீட்டரும் எனச் சிறுவர் இரண்டுக்கும் இடைப்பட்டனர். அன்றும் பாலமாய் நின்றவர் ஆசிரியரே.

ஆகவே, 'நூற்றால் பெருக்கு' என்னும் விதியை முதலில் ஓதுவதிற் பயனில்லை. சென்டி என்றால் நூற்றில் ஒரு பங்கு என்று பொருளுரைக்க வேண்டும். பின்னர் மீட்டர்க் கோலைக் கையிற் கொடுத்து, மேசையை அளக்கச் செய்ய வேண்டும். அளவை சிறுத்தால் எண்ணிக்கை பெருகும் என்பதைச் சிறுவன் தானே கண்டுகொள்வான். கண்டபின் பெருக்கலா, வகுத்தலா என்ற ஐயம் எழாது. ஓர் அரசு நாற்பது ஆண்டுகளில் கற்ற பாடத்தை ஒரு வகுப்பறை நாற்பது நிமிடத்தில் கற்றுவிடலாம்.