மலைநகர் கண்டி கற்பிக்கும் வரலாறு

1945 செப்டம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் சப்பானியப் படையின் சரணாகதியை மவுண்ட்பேட்டன் பிரபு ஏற்றுக்கொண்டார். அந்நிகழ்ச்சியைப் பாடமாகப் பயிலும் மாணவருள் பலர், 1944இல் அவருடைய தலைமையகம் இலங்கையின் மலைநகராகிய கண்டியில் அமைந்ததை அறியார். சிங்கப்பூர் வரலாற்றோடு இவ்வாறு பிணைந்த கண்டி, தமிழர் வரலாற்றோடு அதனினும் நெருங்கிய உறவுடையது.

கண்டி, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சிங்கப்பூரின் மிக உயர்ந்த புக்கித் தீமாக் குன்றின் உயரமோ 164 மீட்டரே. மலைநாட்டைக் குறித்த 'கந்த உட ரட்ட' என்னும் சிங்களத் தொடர், அயலார் நாவில் திரிந்து கண்டி என்றாயிற்று. ஈசூன்வாழ் மாணவர்க்கு இது வியப்பளிக்காது. லிம் நீ சூன் என்னும் தோட்ட அதிபரின் பெயரன்றோ மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் என வழங்குகின்றது!

வள்ளுவர் அரணுக்கு உரியனவாக எண்ணும் நீரும் நிலமும் மலையும் காடும் கண்டிக்கு இயற்கையிலேயே வாய்த்தன. 1594இல் போர்த்துக்கீசியப் படை அங்கே அழிந்தது. 1765இல் நகரைப் பிடித்த ஒல்லாந்தரால் அதில் நிலைத்திருக்க இயலவில்லை. 1803இல் நுழைந்த ஆங்கிலேயரும் காய்ச்சலாலும் போராலும் பெருந்தோல்வியுற்றனர்.

1739இல் மன்னன் நரேந்திர சிங்கன் அரசுரிமைக்குரிய மகவின்றி இறந்தபின், அவனுடைய மதுரை அரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அன்றுமுதல் 1815 வரை நாயக்கர் நால்வர் கண்டியை ஆண்டனர். அவர்கள் தெலுங்கு மரபினர்; தமிழ்நாட்டில் வேரூன்றியவர்கள். ஆயினும் ஆளவந்த நாட்டின் சமயத்தையே தம் கடமையாகக் கொண்டனர். அவருள் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் சயாம் நாட்டுத் துறவியரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பௌத்தத் துறவு மரபை மீண்டும் தழைக்கச் செய்தான்.

புத்தரின் புனிதப்பல் விளங்கும் தலதா மாளிகைக்கு அருகிலேயே பத்தினி தேவாலயம் உள்ளது. அங்கு வழிபடப்பெறும் பத்தினி நம் கண்ணகியே. சேரன் எடுத்த கண்ணகி விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆண்டுதோறும் நிகழும் எசல பெரகராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் சேர்ந்தே செல்கின்றது. மதுரையை எரித்த நங்கையைச் சிங்கள மக்கள் தம் தாயாகப் போற்றுகின்றனர்.

கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. நகரின் நடுவே இன்றும் அழகு செய்யும் ஏரி அவன் அமைத்ததே. அதற்காக மக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கியது பகையை வளர்த்தது. 1814இல் எகலப்பொலை என்னும் அமைச்சனின் மனைவி மக்களை அவன் கொல்வித்தது நாட்டையே நடுங்கச் செய்தது. தலைவர்கள் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர். 1815 மார்ச்சு 2ஆம் நாள் ஒப்பந்தத்தால் கண்டி அரசு மறைந்தது. நான்கே ஆண்டுகளில் இராஃபிள்சு சிங்கப்பூரில் கால்வைத்தார். நாடிழந்த மன்னனோ வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்டான். பாலாற்றங்கரையில் அவனுக்கு நினைவு மண்டபம் உள்ளது.

அடுத்துக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் கண்டிக்கு அருகே தேயிலையும் வணிக நோக்கில் பயிரிடப்பட்டது. அவ்வாண்டிலேயே கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. மலையைத் தோட்டமாக்க உழைத்தவர்கள் தமிழகத்து ஏழை மக்கள். மலாயாவின் இரப்பர்க் காடுகளுக்கு வந்தோரின் உற்றார் உறவினர் போன்றோரே அவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருள் மிகப் பலரைக் குடியுரிமையற்றவர் ஆக்கியது. அக்குறை முழுதும் நீங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ் பேசிய மன்னன் ஆண்டான் என்பதற்காகக் கண்டியைத் தமிழர் நகர் என்று மார்தட்டுவது வரலாறு ஆகாது. அவன் கொடுமையை மறைப்பதும் அறமாகாது. தமிழர் பங்கை நீக்கிவிட்டு அதைச் சிங்களர்க்கே உரிய நகராகக் காட்டுவதும் அவ்வாறே பிழை. கண்டிக்குச் செல்லும் ஆசிரியர் மாணவரைத் தலதா மாளிகையோடு நிறுத்திவிடாமல், பத்தினி தேவாலயத்திற்கும், பின் ஒரு தேயிலைத் தோட்டத்திற்கும் அழைத்துச் செல்வாராக. மூன்றையும் கண்ட மாணவனே கண்டியைக் கண்டவன் ஆவான்.