கல்வராயன் அடிவாரத்தில் ஜெபம்

கிறிஸ்து தம் சீடர்க்குக் கற்பித்த ஜெபத்தில் 'நான்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தந்தை எல்லார்க்கும் பொதுவானவர். அப்பமும் மன்னிப்பும் எல்லார்க்குமாகவே கேட்கப்படுகின்றன. அறைக்கதவை அடைத்து ஜெபிக்கச் சொன்னவரே, அந்தத் தனிமையிலும் பிறரை நெஞ்சில் நிறுத்தச் சொல்லுகிறார். அந்தப் பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்ற வினாவே எம் வட்டாரத்துக் கிறிஸ்தவத்தின் வரலாறு என்றால் மிகையாகாது.

பழைய தென்னார்க்காட்டில் இவ்வினாவை உரக்க எழுப்பியவர் கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியக் குருவானவர். சபைக்குள் சாதி வழக்கங்களுக்கு இடங்கொடுத்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய அவர், 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை நிறுவினார். பின்பு டேனிஷ் மிஷனோடு இணைந்தார். அம்மிஷனின் பணி திருக்கோவிலூருக்கும் பரவிற்று. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்ததே.

சேரிகளில் மண்சுவரும் கூரையுமாக எழுந்த ஜெபவீடுகள் பல, வார நாட்களில் பள்ளிக்கூடங்களாயின. வேதம் வாசிப்பதற்காகவே எழுத்துக் கற்றோர் பலர். எம் பாட்டியார் எழுத்தறியாதவர். அந்தியில் சிம்னி விளக்கின் முன் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் வேதப்பகுதியை வாசிக்க, அவர் கண்மூடிக் கேட்பார். பிறகு தம் சொந்தச் சொற்களில் நெடுநேரம் ஜெபிப்பார். மழை, மாடு, மகளின் பிரசவம் எல்லாம் அதில் வரும். பண்ணையாரின் பெயரும் வரும். "அவருக்கு ஏன் ஆயா?" என்று கேட்டால், "அவருக்கு நல்ல புத்தி வந்தாத்தானே நமக்குக் கூலி வரும்" என்பார். ஜெபத்தின் வல்லமை என்றதும் பலரும் நோய் தீர்ந்த கதைகளையே சொல்லுகின்றனர். பகலெல்லாம் கைகட்டி நின்ற மூதாட்டி, அந்தியில் சர்வ வல்லவரிடம் வழக்குரைப்பதுபோலப் பேசியதையே நாம் வல்லமையாகக் கண்டோம்.

ஆயினும் கசப்பான பக்கத்தையும் மறைத்தலாகாது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், ஜெபமாலை அன்னை ஆலயப் பங்கில் சமமான இடம் பெறாத தலித் கத்தோலிக்கர், தாங்கள் எழுப்பிய சகாய மாதா ஆலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்குமாறு வேண்டி, 2008 மார்ச்சில் உண்ணாநோன்பு இருந்தனர். மார்ச் 9 அன்று அவர்தம் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் தாக்கிய தரப்பினர் இருவர் மாண்டனர். இருதரப்பினரும் ஒரே மறையினர். ஒரே ஜெபமாலையை உருட்டியவர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

கல்வராயன் மலைப் பள்ளியொன்றில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. ஞாயிறு ஆராதனைக்குக் கீழே இறங்கப் பேருந்து வாராத நாட்களில், சமவெளியிலிருந்து வந்த கிறிஸ்தவ ஆசிரியர் நால்வர் குடியிருப்புத் திண்ணையில் கூடி ஜெபிப்போம். நால்வரும் நான்கு சாதி. முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே எழவில்லை. (திண்ணை அவ்வளவு சிறியது என்பதும் ஒரு காரணமாகலாம்!) ஜெபம் முடிந்ததும் ஒரே பாத்திரத்துக் கேழ்வரகுக் கூழைப் பகிர்ந்துண்போம்.

பள்ளிக்கூடத்தில் ஜெபத்துக்கு வேறொரு விலையும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதே தெரு, அதே கூலி, அதே இழிசொல். உதவித்தொகைப் பட்டியலில் மட்டும் வேறு இடம். சேர்க்கைப் பதிவேட்டின் மதம் என்ற பத்தி எம் மக்களைப் படுத்தும் பாட்டை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

சென்ற ஜூனில் கூலித்தொழிலாளி ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பெயரும் பிறந்த தேதியும் தடங்கலின்றிச் சொன்னார். மதம் எது என்று கேட்டபோது, மகளைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "நீங்களே சொல்லுங்க ஐயா, என்ன போடலாம்?" என்று எம்மைக் கேட்டார்.