விண்வெளி ஆய்வில் ஊர் கூடி இழுத்த தேர்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்துவிட்டால், தேர்வடம் பிடிக்க யாரும் கூலி கேட்பதில்லை. வெட்டுக்காட்டில் வேலை செய்பவரும், ஆலையில் வேலை செய்பவரும், விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வந்த பிள்ளைகளும் ஒன்றாய் நின்று இழுப்பார்கள். தனி ஒருவரால் அசைக்க முடியாத தேர் நிலைக்கு வந்து சேரும். இன்று நாம் காணவிருப்பதும் அப்படிப்பட்ட ஒரு தேரின் வரலாறுதான். அது விண்வெளி உயிரியல் என்னும் ஆய்வுத்துறையில் ஓடிய தேர். அதை இழுத்தவர்கள் பல நாட்டு அறிவியலாளர்களும் மாணவர்களும். அவர்களுக்குத் துணை நின்றது கணினி.

2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நம் நாட்டு டாக்டர் ஷேக் முஸாபார் ஷுகோர் விண்கலம் ஏறியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அவர் புற்றுநோய் உயிரணுக்களையும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்தார். உயிரணுவை ஆராய அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வியே.

மண்ணில் வாழும் நம் உடல் பிறந்த நாள் முதல் தன் எடையைத் தானே சுமக்கிறது. விண்கலத்தில் அந்தச் சுமை இல்லை. சுமை இல்லாவிட்டால் உடல் சுகப்படும் என்று எண்ணிவிட வேண்டாம். எடை தாங்கும் எலும்புகள் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கின்றன. தசைகள் மெலிகின்றன. கதிர்வீச்சும் உயிரணுவைத் தாக்குகிறது. இதனால்தான் விண்வெளி வீரர்கள் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். உடலுக்குள் நிகழும் இந்த மாற்றங்களை அறியும் முயற்சி மனிதனுக்கு முன்பே பூச்சிகளிலும் விலங்குகளிலும் தொடங்கிவிட்டது.

1947 பிப்ரவரி 20-ஆம் நாள், ஜெர்மானியரின் போர் ராக்கெட்டான வி-2 ஒன்றில் அமெரிக்கர்கள் பழ ஈக்களை ஏற்றி, 109 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினர். ஈக்கள் உயிருடன் திரும்பின. 1957 நவம்பர் 3-ஆம் நாள் சோவியத் நாடு லைக்கா என்னும் நாயை அனுப்பியது. அது திரும்பவில்லை. பல நாள் உயிரோடு இருந்ததாகவே உலகம் நம்பியது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்ற உண்மை 2002-இல்தான் வெளிவந்தது. ஓர் உயிரைக் கொடுத்துப் பெற்ற விவரம் 45 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்ற இரண்டு நாய்கள் பூமியைச் சுற்றி நலமாய்த் திரும்பின. 1975-இல் சோவியத் நாட்டின் காஸ்மோஸ் 782 என்ற உயிரியல் செயற்கைக்கோளில் அமெரிக்கரின் ஆய்வுகளும் இடம்பெற்றன. பகைநாடுகளும் இந்தத் துறையில் கைகோத்தது வியப்புக்குரியது.

2000 நவம்பர் முதல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் இடைவிடாது தங்கி வருகிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் அங்குச் சுண்டெலிகளை வைத்து ஒரு தொடர் ஆய்வைத் தொடங்கியது. முதல் பயணத்தில் சென்றவை 20 சுண்டெலிகள். ஒரு விண்பயணத்துக்கு ஆகும் செலவை நினைத்தால், அந்த எலிகள் ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றவை. ஆனால் இப்படிக் கிடைக்கும் விவரங்களை ஒரு சிறு குழுவே ஆராய்ந்து, ஒரு கட்டுரை எழுதி, ஏட்டை மூடி வைத்துவிட்டால் மற்றவர்க்கு என்ன பயன்? அந்த ஏட்டில் அவர்கள் கேட்காத கேள்விகளுக்கும் விடை இருக்கலாமல்லவா?

இந்த எண்ணத்தில் பிறந்ததே 'ஜீன்லேப்' என்னும் பொதுத் தரவகம். கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் இதை நடத்துகிறது. 2015-இல் இதன் கதவு திறந்தது. எலி, ஈ, செடி, நுண்ணுயிர் என விண்வெளிக்குச் சென்ற உயிர்களின் மரபணு விவரங்கள் இதில் சேர்ந்தன. கட்டணம் இல்லை. எந்த நாட்டவரும் எடுத்துப் படிக்கலாம். பின்னர் இது மற்ற உயிரியல் பதிவுகளோடு இணைந்து, திறந்த அறிவியல் தரவுக் களஞ்சியமாக வளர்ந்தது.

மரபணு விவரம் என்றால் என்ன? நம் லயத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரவில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீட்டில் அணைந்திருக்கிறது என்று பார்த்தாலே, அங்கு யார் விழித்திருக்கிறார், யார் உறங்குகிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். உயிரணுவுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் எது வேலை செய்கிறது, எது அடங்கியிருக்கிறது என்ற கணக்கைத்தான் அறிவியலாளர்கள் எடுக்கிறார்கள். விண்வெளிக்குச் சென்ற எலியின் கணக்கையும், பூமியிலேயே இருந்த எலியின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள்.

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்து வேலை செய்ய ஆள் வேண்டுமே! 2018-இல் ஜீன்லேப் தன்னார்வப் பகுப்பாய்வுக் குழுக்களை அமைத்தது. விலங்குக்கு ஒரு குழு, செடிக்கு ஒரு குழு, நுண்ணுயிருக்கு ஒரு குழு எனப் பிரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வேறு நாட்டு விண்வெளி நிறுவனத்தாரும் அவர்களுள் இருந்தனர். நாம் கோத்தோங் ரோயோங் என்று சொல்லும் கூட்டுப்பணிதான் இது. முதலில் அவர்கள் செய்தது பெரிய கண்டுபிடிப்பு அன்று. கணக்கை எப்படி எழுதுவது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முறையை வகுத்தார்கள். ஒருவர் கட்டியிலும் மற்றவர் கிலோவிலும் எழுதினால் கூட்டுத்தொகை எப்படி வரும்?

பொதுவில் வைத்த கணக்கின் பயன் விரைவிலேயே தெரிந்தது. முதல் பயணத்து எலிகளுள் ஒரு பகுதியின் உறுப்புகளை விண்வெளியிலேயே பிரித்தெடுத்துப் பதப்படுத்தினர். மற்றவற்றை முழு உடலாக உறைய வைத்து, பூமிக்கு வந்த பின் பிரித்தனர். இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரிந்தது. விண்வெளி ஏற்படுத்திய மாற்றத்தைவிட, உறுப்பைப் பதப்படுத்திய முறை ஏற்படுத்திய மாற்றமே பெரிதாக இருந்தது! 2020-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. நம் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் நிறுக்கும் இடத்தில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அன்றைய கணக்கு மரத்தின் கதையைச் சொல்லாது, தராசின் கதையைத்தான் சொல்லும். தராசின் கோளாற்றைக் கண்டுபிடிக்க, ஏட்டைப் பலரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும்.

அதே 2020 நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. பல பயணங்களின் எலிக் கணக்கு, மனித உயிரணுக் கணக்கு, 59 விண்வெளி வீரர்களின் பரிசோதனை விவரங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு பெருங்குழு சேர்த்துப் பார்த்தது. விண்வெளியில் 340 நாட்கள் தங்கிய ஸ்காட் கெல்லி, பூமியில் இருந்த அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கெல்லி ஆகியோரின் விவரங்களும் அதில் சேர்ந்தன. உயிரணுவின் அடுப்பு என்று சொல்லத்தக்க மைட்டோகாண்டிரியா சீர்குலைவதே பல கோளாறுகளின் மையம் என்று அவர்கள் கண்டார்கள். தனித்தனி ஏடுகளில் இது அவ்வளவு தெளிவாகப் புலப்பட்டிருக்காது.

இனி, கற்றுக்கொள்ளும் கணினிக்கு வருவோம். இயந்திரக் கற்றல் என்று இதைச் சொல்வார்கள். கணினிக்கு விதியைச் சொல்லித் தராமல், எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்து, விதியை அதுவே கண்டறியச் செய்யும் முறை இது. 'இது விண்வெளி எலி, இது பூமி எலி' என்று பல கணக்குகளைக் காட்டினால், வேறுபாட்டை அது தானே தேடிப் பிடிக்கும். இதற்கெனவும் ஒரு தன்னார்வக் குழு தோன்றியது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் உண்டு. எலிகளோ சில பத்து. மரபணுக்களோ 20,000-க்கு மேல். வகுப்பில் இருபது மாணவரை நிறுத்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் இருபதாயிரம் செய்திகளைச் சேகரித்துவிட்டு, தேர்வில் வென்றவர்க்குப் பொதுவானது எது என்று தேடினால், நீலப் பை வைத்திருந்ததுதான் காரணம் என்றுகூட முடிவு வரலாம்! பாடம் புரியாமல் மனப்பாடம் செய்த மாணவன் பழைய கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு வாங்குவான். புதிய கேள்வி வந்தால் விழிப்பான். கணினியும் அத்தகைய மாணவனே. ஆகவேதான் அது பார்த்திராத எலிகளின் கணக்கைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் 'வழிமுறையைக் காட்டு' என்று கேட்பது போல, விடைக்குக் காரணமும் கேட்கிறார்கள்.

2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. பொதுக் களஞ்சியத்திலிருந்து, 30 நாட்களுக்கு மேல் விண்வெளியில் இருந்த எலிகளின் கால் தசைக் கணக்குகளை ஒரு குழு எடுத்தது. தசை சுருங்கி விரிய உதவும் கால்சியம் சரியாக உள்வாங்கப்படுகிறதா என்பதை எந்த மரபணுக்களைக் கொண்டு கணிக்கலாம் என்று கணினியால் தேடியது. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எளிய சமன்பாடுகளாக விடை தரும் முறையையே அது தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் வெளிவந்த வேறு இரண்டு கட்டுரைகள், தொலைதூர விண்பயணத்தில் செயற்கை அறிவு எவ்வாறு உதவலாம் என்பதை விளக்கின. செவ்வாய்க் கோளிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்து சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அங்கு ஒருவர் நோயுற்றால், கீழே இருக்கும் மருத்துவரைக் கேட்டு உடனே மறுமொழி பெற முடியாது. உடனிருக்கும் கணினி ஓரளவு மருத்துவம் கற்றிருக்க வேண்டும். அது பிழையாகக் கற்றிருந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நேயர்களே, கூலி இல்லாத வேலை என்றதும் நம் மனம் சற்றுச் சுருங்கும். அதற்குக் காரணம் உண்டு. காட்டை அழித்து நிரை போட்டு மரம் நட்ட நம் முன்னோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பலகையிலும் இல்லை. இந்தத் தன்னார்வ உழைப்பைப் பற்றியும் நாம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: உழைத்தவர் பெயர் எங்கே? விளைந்த பயன் யாருக்கு? ஆய்வில் பங்கெடுத்த தன்னார்வலர்களின் பெயர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே ஆசிரியர்களாக அச்சாகின்றன. தரவும் பொதுச்சொத்தாகவே இருக்கிறது. என்றாலும், மாலையில் ஊதியமின்றி உட்கார எல்லாராலும் முடியாது. ஓய்வு நேரமும் கணினியும் இணையமும் உள்ளவரே வடம் பிடிக்க முடிகிறது. இதையும் நாம் மறக்கலாகாது.

ஜீன்லேப் 2017 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் பயிற்சி நடத்தியிருக்கிறது. அது அமெரிக்க மாணவர்க்காக அமைந்தது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய களஞ்சியம் நம் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் அதற்குத் திறவுகோல்கள். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரிக்கும்போது, விடை சரியா என்று மட்டும் கேட்காதீர்கள். 'எப்படி வந்தது?' என்றும் கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிள்ளை சொல்லச் சொல்ல, பிழை இருந்தால் அதற்கே தெரிந்துவிடும்.