தடையாணையும் கூரையும்

சென்னையில் பழங்கட்டடங்களைக் காத்த வரலாறு பெரும்பாலும் நீதிமன்றக் கதையாகவே சொல்லப்படுகிறது. இடிக்க ஆள் வந்தது, ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள், தடை கிடைத்தது, கட்டடம் பிழைத்தது. இதில் கடைசி வரியைத்தான் நம்ப முடியவில்லை. தடையாணை கடப்பாரையை நிறுத்தும், மழையை நிறுத்தாது. அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். 1897இல் ஸ்மித் என்ற ஆங்கிலேய மருந்து வணிக நிறுவனத்துக்காக எழுந்தது; 1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது; 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 2006இல் இடிப்பு தொடங்கியதும் மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு மரபுக் கட்டடப் பாதுகாப்பில் ஒரு மைல்கல் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தீர்ப்புக்குப் பின்னும் கட்டடம் ஆண்டுக்கணக்கில் ஆளின்றி, பழுது பார்ப்பாரின்றிச் சிதைந்துகொண்டே இருந்தது. வழக்கில் வென்ற கட்டடம் இது என்று சொன்னால் வழிப்போக்கர் நம்பமாட்டார்.

கடற்கரைச் சாலையிலுள்ள காவல்துறைத் தலைமையகத்தின் கதை வேறு மாதிரி போயிற்று. 1839இல் ஃப்ரீமேசன்கள் தங்கள் சங்கத்துக்காகக் கட்டிய மாளிகை அது. 1865இல் காவல்துறை வாடகைக்குப் புகுந்தது. 1874இல் அரசே விலைக்கு வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் அதையும் இடித்துவிட்டுப் பலமாடி எழுப்பத் திட்டம் வந்தது. அங்கும் எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் நடந்தது. ஆனால் இடிப்பு நின்றதும் அந்தக் கட்டடம் அநாதையாகவில்லை. உள்ளே அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஒழுகினால் நனைவது அவர்களுடைய கோப்பு. எனவே பழுதுபார்ப்பு என்பது யாரோ கேட்கும் சலுகையாக இல்லாமல் அலுவலகத்தின் சொந்தத் தேவையாகிவிட்டது. சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபு 1768இல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதியான கலசா மகாலும் 2012 ஜனவரியில் தீக்கிரையாகி, பின் மீட்கப்பட்டது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. இவற்றை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: வழக்கு அவகாசம் வாங்கித் தரும், உள்ளே ஆள் புழங்கினால்தான் அந்த அவகாசத்துக்குப் பயன் உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ராணி மேரி கல்லூரியிலிருந்தே வரும். 1914இல் கேப்பர் இல்லத்தில் தொடங்கிய கல்லூரி அது. 2003இல் அந்த வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி வளாகத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் கேப்பர் இல்லம் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில் அது போய் அந்த இடத்தில் புதுக்கட்டடம் நின்றது. ஆள் புழக்கத்துக்குக் குறைவே இல்லாத இடம்தானே? உண்மை. புழங்குபவர்களுக்கு இடம்தான் வேண்டும், பழைய சுவரே வேண்டும் என்று அவசியமில்லை. புதிய கட்டடத்துக்குக் கிடைக்கும் நிதி பழையதைச் செப்பனிடக் கிடைப்பதில்லை. திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்க வாய்ப்பில்லாத வேலை அது. புழங்குவதாலும் கேடு வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கும். பல அரசு அலுவலகங்களில் நல்லெண்ணத்தோடு நடந்த கொலை இது. ஆகவே ஆள் இருந்தால் மட்டும் போதாது, சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரும், அதற்கென ஒதுக்கிய பணமும் வேண்டும். இவ்விரண்டையும் எந்த ரிட் மனுவும் தானாகக் கொண்டுவராது.

அரசு இதில் எவ்வளவு அக்கறை காட்டியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சென்னையின் மரபுக் கட்டடங்கள் என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் பட்டியல், மரபைக் காக்கவென்று எழுதப்பட்டதல்ல. விளம்பரப் பலகைகளை எங்கெங்கே வைக்கக் கூடாது என்று முடிவுசெய்ய உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்தது அது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

வெள்ளைக்காரன் கட்டியதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. விக்டோரியா மண்டபத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். அதன் மேடையில் நாடகம் போட்டது பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை. பெயர்ப்பலகையில் உள்ள அரசியோ அங்கே காலடி வைத்ததே இல்லை. இதைவிட நியாயமான புகார் தனியார் உரிமையாளருடையது: தரையின் விலை கோடிகளில் ஏற, பட்டியலில் சேர்த்துவிட்டு இழப்பீடு தராமல் விட்டால் அவர் எப்படிப் பராமரிப்பார்? 1995இலேயே மும்பை மரபுக் கட்டடங்களுக்கென விதி வகுத்து, கட்ட முடியாமல் போன பரப்பை வேறிடத்துக்கு மாற்றி விற்க உரிமையாளருக்கு வழிசெய்தது. சென்னையிலும் தனியாருக்கு அப்படி ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அதன் உரிமையாளர், 1959இல் இதே அண்ணா சாலையில் அன்றைய இந்தியாவின் மிக உயரமான கட்டடத்தைக் கட்டி முடித்த பொதுத்துறை நிறுவனம்.