பார்க் டவுனில் பார்க் எங்கே?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் வசதி படைத்தவர்கள் உதகமண்டலத்துக்கும் கோடைக்கானலுக்கும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு மாலையில் கடற்காற்று இருக்கிறது. கடற்காற்றும் ஏமாற்றுகிற நாட்களில் மர நிழல் இருக்கிறது. மலைக்குப் போகும் யோகம் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை. அதனால் சில கோடைகளாக இந்த நகரத்துப் பூங்காக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் உட்கார்ந்து வருவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சுற்றியதில் ஒரு விஷயம் புரிந்தது. சென்னையில் இருக்கிற பூங்காக்களைவிட, இல்லாமற்போன பூங்காவுக்குத்தான் சரித்திரம் அதிகம்!

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே மின்சார ரயில் நிற்கும் நிலையத்துக்குப் 'பார்க்' என்று பெயர். அந்தப் பேட்டைக்கே 'பார்க் டவுன்' என்றுதான் பெயர். வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே இறங்கி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் பஸ் தெரியும், ஆட்டோ தெரியும், ஜனக் கூட்டம் தெரியும். பார்க் மட்டும் கண்ணில் படாது.

ஆனாலும் பெயர் பொய் சொல்லவில்லை. 1859-ல் ஸர் சார்லஸ் டிரெவெல்யன் என்பவர் சென்னைக்குக் கவர்னராக வந்தார். நம் நாட்டுக்கு ஆங்கிலப் படிப்பைக் கொண்டுவந்தாரே மெக்காலே, அவருடைய தங்கையை மணந்தவர். அதற்கு முன்பு, அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தபோது, நிவாரணச் செலவில் கையை இறுக்கிப் பிடித்தார் என்று அங்கே இன்றுவரை இவரைத் தூற்றுகிறார்கள். அதே மனிதர் சென்னையில் வேறு விதமாக நடந்துகொண்டார். இந்தியாவில் புதிதாக வருமான வரி போட வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து யோசனை வந்தபோது, கூடாது என்றார். சொன்னதோடு நில்லாமல் தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். மேலிடம் சும்மா இருக்குமா? 1860-லேயே பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது.

ஒரு வருஷமும் சில மாதங்களும்தான் அவர் இங்கே இருந்தார். அதற்குள் அவர் மனத்தில் பட்ட ஒரு காரியம், இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது. கோட்டையைச் சுற்றி வெள்ளைக்காரர்களுக்குத் திறந்த வெளி இருந்தது. பங்களாக்காரர்களுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தது. சந்துகளில் வசித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே பிறந்தது 'பீப்பிள்ஸ் பார்க்'. 116 ஏக்கர் நிலம். அதில் 11 குளங்கள். மைல் கணக்கில் பாதைகள். பாண்டு வாசிக்க ஒரு மேடை. தோட்டத்துக்கு வைத்த பெயரிலேயே சொந்தக்காரர் யார் என்பது இருந்தது.

மிருகங்களும் வந்து சேர்ந்தன. எழும்பூர் மியூசியத்தைக் கவனித்துவந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே ஒரு மிருகக் காட்சிசாலை ஆரம்பித்திருந்தார். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. மியூசியத்தில் பஞ்சடைத்த பிராணிகள். பார்க்கில் உயிருள்ள பிராணிகள். சென்னை ஜனங்கள் இரண்டுக்கும் தாங்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள்: 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்'. எந்தப் பல்கலைக் கழகமும் அங்கீகரிக்காத இந்த இரண்டு காலேஜ்களில் படித்தவர்கள் எத்தனை லட்சம் பேரோ!

இப்படி ஒரு தோட்டம் எங்கே போயிற்று? ஒரே நாளில் யாரும் அதைக் கொள்ளையடித்துவிடவில்லை. 1886 டிசம்பர் 31-ந் தேதி அங்கே நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்தப் பயங்கரத்துக்குப் பிறகும் பார்க் பிழைத்திருந்தது. அதைத் தீர்த்தவை நல்ல காரியங்கள்.

முதலில், ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள், நியாயந்தானே? 1880-களில் விக்டோரியா மண்டபத்துக்காக ஒரு துண்டு நிலம் நீண்ட காலக் குத்தகைக்குப் போயிற்று. ஊருக்கு ஒழுங்கான சந்தை வேண்டும் என்றார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. நகர சபைக்கு ஒரு கட்டடம் வேண்டாமா? 1913-ல் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை எழுந்தது. வாலிபர்கள் விளையாட வேண்டாமா? கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது. 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்ததும் அந்த மண்ணில்தான். அதே இடத்தில் 1993-ல் நேரு ஸ்டேடியம் புதிதாக நின்றது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் மறுபடி மரமா நட்டார்கள்? புறநகர் ரயில் நிலையம் வந்தது. அதே 1985-ல் வண்டலூரில் புதிய மிருகக் காட்சிசாலை திறக்கப்பட்டது. 'உயிர் காலேஜ்' என்ற பெயரும் கிழவர்கள் நாக்கோடு நின்றுவிட்டது.

இந்தப் பட்டியலில் வேண்டாத கட்டடம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். என்னால் முடியவில்லை. சந்தைக்கு வியாபாரி வாதாடினார். ஸ்டேடியத்துக்கு விளையாட்டு ரசிகர் வாதாடினார். மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த கூலியாளுக்காக மனுப் போட யாரும் இல்லை. அவன் படுத்திருந்த இடம் உத்தியோகஸ்தர் கண்ணுக்குக் காலி மனையாகத் தெரிந்தது.

ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம், பெரியமேட்டுப் பக்கத்தில், மைலேடி பூங்கா என்று ஒரு சிறு மிச்சம் இருக்கிறது. ஒரு மே மாதப் பிற்பகலில் போனேன். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே, கிடைத்த நிழலில் எல்லாம் ஆட்கள். வண்டி இழுத்துக் களைத்தவர்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், பேரனோடு ஒரு பாட்டி. நூற்றுச் சொச்சம் ஏக்கரில் தங்க வேண்டிய ஜனங்கள் அந்தத் துண்டு நிழலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தவர், "இன்னா சார் வெயிலு!" என்றார். அவருக்கு டிரெவெல்யனைத் தெரியாது. ஆனால் டிரெவெல்யன் யாருக்காகத் தோட்டம் போட்டாரோ அந்த ஆள் அவர்தான்.

போனது திரும்பாது என்று மனம் சோர்ந்துவிட வேண்டியதில்லை. கதீட்ரல் சாலையில் 1835-ல் தோன்றிய தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் நடந்தது. காரிலேயே உட்கார்ந்து தோசை தின்ற தலைமுறை அதை இன்னும் மறக்கவில்லை. 2008-ல் அது மூடப்பட்டதும், அங்கே அடுக்கு மாடிகள் எழவில்லை. 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தது. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ ரயிலுக்காக 2011-ல் மூடப்பட்டது, மரங்கள் போயின, 2023-ல் பூமிக்கடியில் ஸ்டேஷனும் மேலே பூங்காவுமாகத் திரும்பி வந்தது. வெட்டிய மரத்தின் நிழலைப் புதிய கன்று தர எத்தனை கோடை ஆகுமோ! இருந்தாலும் இடம் திரும்பியது பெரிய விஷயம்.

எனக்கு ரயில்வேக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஸ்டேஷனின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். என்றைக்காவது ஒரு குழந்தை அங்கே இறங்கி, "பார்க் ஸ்டேஷன்னு போட்டிருக்கே, பார்க் எங்கேப்பா?" என்று கேட்கும். கேள்வி கேட்க ஆள் இருக்கிறவரையில், மிச்சம் இருக்கிற பூங்காக்களை அவ்வளவு சுலபத்தில் யாரும் விழுங்கிவிட முடியாது.