1 கோடியே 20 லட்சத்தில் ஒன்று



இரண்டு பகடை உருட்டினால் இரண்டிலும் 6 விழும் நிகழ்தகவு 1/36 என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அந்தப் பெருக்கலை வைத்தே இருவரைக் குற்றவாளியாக்கிய கதை இது.

1964 ஜூன் 18. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சான் பெட்ரோ பகுதி. கைத்தடியோடு, மளிகைக் கூடையை இழுத்துக்கொண்டு சந்தில் நடந்த ஒரு பெண்மணியை யாரோ தள்ளிவிட்டு, 40 டாலருக்குள் இருந்த பணப்பையைப் பறித்தார்கள். பொன்னிற முடிக்காரி ஒருத்தி ஓடுவதை மட்டும் அவர் பார்த்தார். சந்து முனையில் புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், குதிரைவால் சடை போட்ட பெண் மஞ்சள் காரில் ஏறியதையும், தாடி மீசையோடு ஒரு கறுப்பினத்தவர் அதை ஓட்டியதையும் கண்டார்.

காலின்ஸ் என்ற தம்பதி கைதானார்கள். பறிகொடுத்தவரால் அவர்களை அடையாளம் காட்ட முடியவில்லை. தண்ணீர் விட்டவர் கோர்ட்டில் கணவரைக் காட்டினார். ஆனால் போலீஸ் அணிவகுப்பில் அவருக்கே உறுதி இல்லை என்பதும் வெளிவந்தது.

சாட்சி பலவீனம். அரசு வழக்கறிஞர் என்ன செய்தார் தெரியுமா? கல்லூரிக் கணித ஆசிரியர் ஒருவரைக் கூண்டில் ஏற்றிப் பெருக்கல் விதியைச் சொல்ல வைத்தார். பிறகு எண்களைத் தானே போட்டார். மஞ்சள் கார் 10ல் 1, மீசை 4ல் 1, சடை 10ல் 1, பொன்னிற முடி 3ல் 1, தாடி வைத்த கறுப்பினத்தவர் 10ல் 1, காரில் கலப்பினத் தம்பதி 1000ல் 1. பெருக்கிப் பாருங்கள், 1 கோடியே 20 லட்சத்தில் 1 வரும். 'நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி' என்பதெல்லாம் தேய்ந்துபோன பழைய பேச்சு என்றும் ஜூரியிடம் சொன்னார். இருவருக்கும் தண்டனை!

கணவர் மேல்முறையீடு செய்தார். 1968 மார்ச்சில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த எண்களை யாரும் எண்ணி எடுக்கவில்லை. தாடி வைத்தவர் பெரும்பாலும் மீசையும் வைத்திருப்பார்; அவற்றைத் தனித்தனியாகப் பெருக்கியது தவறு. (எட்டாம் வகுப்பில் செய்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.) சாட்சி தப்பாகப் பார்த்திருந்தால், திருடன் ஒட்டுத்தாடி வைத்திருந்தால், அதை எந்த எண்ணால் பெருக்குவது?

எனக்குப் பிடித்தது தீர்ப்பின் பின்னிணைப்பு. அந்த எண் சரி என்றே கொள்வோம். அத்தனை ஜோடிகள் இருக்கும் இடத்தில், ஒரு ஜோடி அப்படி இருந்தால் அதேபோல இன்னொன்றும் இருக்க 100க்கு 40க்கு மேல் வாய்ப்பு என்று நீதிபதிகளே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இத்தகைய ஜோடி அபூர்வம் என்பது வேறு, இவர்கள்தான் திருடினார்கள் என்பது வேறு.

இதைப் படித்தபோது ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் நினைவுக்கு வந்தது. பக்கத்து இருக்கை, இடைவேளையில் வகுப்பிலேயே இருந்தவன், ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவன். நானும் மனதுக்குள் பெருக்கிவிட்டு ஒரு பையனை முட்டி போட வைத்தேன். மறுநாள் அது தொலைத்தவன் வீட்டிலேயே இருந்தது. அந்தப் பையன் இதைப் படிக்கக்கூடும். அன்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி. மன்னித்துக்கொள்.