வீட்டுப் பட்டறை சிஎன்சி பிளாஸ்மா மேசை

கணினி வகுத்த பாதையில் பிளாஸ்மா டார்ச்சை நகர்த்தி உலோகத் தகட்டை வெட்டும் எந்திரம் இது. ஆயத்தமாக வாங்காமல், கார் கொட்டகையில் ஆர்வலர்களே ஸ்கொயர் பைப்பை வெல்டிங் வைத்துக் கட்டிக்கொள்வது அமெரிக்காவில் பரவலான வழக்கம். தகடு விற்கும் அளவுகளை ஒட்டி 4×4 அல்லது 4×8 அடியில் மேசை அமைப்பார்கள்.

பிளாஸ்மா டார்ச்சுக்கு யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ் 1957இல் காப்புரிமை பெற்றார். நுண்துளை வழியே பீறிடும் காற்று, மின்வில்லில் 20,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் தகட்டை உருக்கி, உருகியதை ஊதித் தள்ளுகிறது. டார்ச் தகட்டைத் தொடுவதில்லை என்பதால் மில்லிங் எந்திரத்துக்கு வேண்டிய கனத்த சட்டகம் இதற்குத் தேவையில்லை. ஸ்டெப்பர் மோட்டார்கள், பல்சட்டம், லினக்ஸ்சிஎன்சி அல்லது மாக்3 மென்பொருள் ஆகியவற்றோடு வீட்டு எந்திரம் ஓடிவிடும். ஆனால் மெல்லிய தகட்டில் வேகம் அதிகம். ஆகவே டார்ச்சைத் தாங்கி மேலே ஓடும் பாலம் இலேசாகவும் ஆடாமலும் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் உயரத்தில் இருக்கிறது. வெட்டும்போது டார்ச் முனைக்கும் தகட்டுக்கும் இடைவெளி சுமார் 1.5 மி.மீ.தான். சூட்டில் தகடு வளைந்தால் முனை இடித்துவிடும். இடைவெளி கூடினால் வில்லின் வோல்டேஜும் கூடும்; அதை அளந்தே உயரக் கட்டுப்பாட்டுக் கருவி டார்ச்சை ஏற்றி இறக்குகிறது. மூலைகளில்தான் இது ஏமாறும். திருப்பத்தில் வேகம் குறைய, வெட்டு அகன்று வோல்டேஜ் உயர்கிறது. டார்ச் மேலே போய்விட்டதென்று கருவி அதைத் தகட்டில் இறக்கிக் குத்துகிறது. ஆகவே மூலைகளில் மட்டும் கருவியை நிறுத்திவைக்க மென்பொருளிலேயே வழி உண்டு.

அடுத்த தலைவலி மின்குறுக்கீடு. உயர் அதிர்வெண் பொறியால் வில்லை மூட்டும் மலிவான மின்மூலங்கள் கட்டுப்பாட்டுப் பலகையைக் குழப்பிப் பாதி வெட்டில் எந்திரத்தை நிறுத்திவிடும். மின்மூலத்தில் கஞ்சத்தனம் காட்டுவது வீண். எர்த் இணைப்பு பிசகக் கூடாது. காற்றிலும் கவனம் வேண்டும்: டார்ச்சுக்குப் போகும் கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் டார்ச் முனை சீக்கிரம் தேய்ந்துபோகும்.

காற்று சுழன்று வருவதால் பெரும்பாலான டார்ச்சுகளில் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பே செங்குத்தாக அமையும். எனவே வெளிவிளிம்பை வலஞ்சுழியாகவும் உள்துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்டுவது முறை.

புகையையும் பொடியையும் அடக்க மேசைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதுண்டு. அலுமினியம் வெட்டுவோர் இதில் கவனமாக இருக்க வேண்டும்: அதன் கசடு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும், அது தகட்டுக்கடியில் தங்கினால் வெடிக்கலாம்.